‘இஃப்’ என்ற ஒரு சொல்லுக்காகத் திறந்த அகராதி: எட்டிம்ஆன்லைன் பற்றி என் மதிப்பீடு

“சிவப்பு விளக்கு எரிந்தால் குறிப்பிடவும்.”

இது நான் எழுதிய வாக்கியம். ஓர் இயந்திரத்தின் இயக்கக் கையேட்டில், ஒவ்வொரு ஷிஃப்ட் முடியும்போதும் நிரப்ப வேண்டிய படிவத்துக்காக மொழிபெயர்த்தது. மூலத்தில் ‘இண்டிகேட் இஃப் த ரெட் லேம்ப் இஸ் ஆன்’ என்று இருந்தது. படிவம் இரண்டு மாதம் புழக்கத்தில் இருந்த பிறகுதான் வாடிக்கையாளரிடமிருந்து கேள்வி வந்தது: இத்தனை படிவங்களில் அந்தக் கட்டம் மட்டும் ஏன் காலியாக இருக்கிறது? விளக்கு எரியாத நாள்களில் தொழிலாளர்கள் எதையும் எழுதவில்லை. ‘எரிந்தால்’ என்றுதானே நான் சொல்லியிருந்தேன்! அவர்கள் செய்தது சரி. மூலம் கேட்டது வேறு. எரிகிறதா, இல்லையா, இரண்டில் ஒன்றைத் தினமும் எழுத வேண்டும். ‘சிவப்பு விளக்கு எரிகிறதா என்று குறிப்பிடவும்’ என்றுதான் தமிழில் வந்திருக்க வேண்டும்.

பதினோரு வருடமாகத் தொழில்நுட்ப மொழிபெயர்ப்பு செய்கிறேன். ‘இஃப்’ கண்ணில் பட்டாலே கை தானாக ‘-ஆல்’ போட்டுவிடும். அந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது. ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து உள்ள ஒரு சொல்லுக்குள் நிபந்தனையும் கேள்வியும் எப்படி ஒன்றாகக் குடியிருக்கின்றன என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. கையிலிருந்த அகராதிகள் இரண்டு பொருளையும் எண் போட்டுக் கொடுத்தன, காரணத்தை யாரும் சொல்லவில்லை. அப்படித் தேடிப் போய்ச் சேர்ந்த இடம்தான் ஆன்லைன் எடிமாலஜி டிக்‌ஷனரி. ஆங்கிலச் சொற்களின் பிறப்பைச் சொல்லும் இணைய அகராதி அது, எல்லோரும் எட்டிம்ஆன்லைன் என்றே சொல்கிறார்கள். நாலு வருடமாக அது என் கணினியில் ஒரு ஓரத்தில் எப்போதும் திறந்தே இருக்கிறது. இந்த மதிப்பீட்டை அந்த ஒரு சொல்லை வைத்தே எழுதுகிறேன்.

டக்ளஸ் ஹார்ப்பர் என்ற அமெரிக்கர் 2000களின் தொடக்கத்தில் தனி ஆளாகத் தொகுக்கத் தொடங்கிய தளம் இது. பணம் கட்ட வேண்டாம், கணக்குத் திறக்க வேண்டாம். பெட்டியில் சொல்லை அடித்தால் பிறப்பு வரலாறு ஒரு பத்தியில் வந்து நிற்கும். கைப்பேசிக்குச் செயலியும் இருக்கிறது. ‘இஃப்’ பதிவு சிறியதுதான். ஆனால் அந்தச் சில வரிகளைப் படித்து முடிக்க எனக்கு ஒரு முழு இரவு ஆயிற்று, ஏனென்றால் ஒவ்வொரு வரியும் வேறொரு கதவைத் திறந்துவிட்டது.

முதல் கதவு எழுத்துக்கூட்டு. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை ஜி எழுத்தில் தொடங்கி எழுதினார்கள், இன்று நகரும் படக்கோப்புக்கு இருக்கும் அதே மூன்று எழுத்து. ஆனால் ஒலி ‘கிஃப்’ இல்லை. அந்த ஜி அங்கே ய் போல ஒலித்தது என்று பதிவே அடைப்புக்குறிக்குள் சொல்லிவிடுகிறது. அதாவது ‘யிஃப்’. அப்புறம் அந்த ய் தேய்ந்து மறைந்தது, ‘இஃப்’ மிஞ்சியது. இதைப் படித்தபோது எனக்கு ஒரு அந்நியத்தன்மையும் தெரியவில்லை. யாண்டு ஆண்டானது, யாறு ஆறானது, யாமை ஆமையானது, யானையைப் பேச்சில் இன்றும் ஆனை என்கிறோம். சொல்லின் தலையில் நிற்கும் யகரம் எவ்வளவு எளிதாக உதிரும் என்று தமிழ் படித்தவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் இப்படித் தலை உதிர்ந்தது ‘இஃப்’ மட்டும் இல்லை. அரிப்பைக் குறிக்கும் ‘இட்ச்’ என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்தில் இதே ய் ஒலி ஜியோடு தொடங்கியது. இங்கிலாந்தின் இப்ஸ்விச் ஊர்ப்பெயரும் பழைய ஏடுகளில் ஜியில் தொடங்கும். இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால் மாணவர்கள் மறக்க மாட்டார்கள்.

இரண்டாவது கதவுதான் நான் தேடி வந்தது. இந்தச் சொல்லின் வேர் எது என்பதற்குப் பதிவு இரண்டு கருத்துகளைச் சொல்கிறது. ஒன்று, இது மிகப் பழைய சுட்டு வேரிலிருந்து வந்தது. அது, இது, அந்த, இந்த என்று சுட்டும் சொற்களின் குடும்பம். இன்னொன்று, ‘ஐயம்’ என்ற பொருள் கொண்ட ஒரு பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்று நின்ற வடிவமே இடைச்சொல்லாக உறைந்துவிட்டது. இரண்டாவது கருத்துக்குச் சான்றாக, ஜெர்மனின் பழைய வடிவமான பழைய உயர் ஜெர்மனில் ‘இபா’ என்றால் ஐயம், நிபந்தனை என்றும், ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான பழைய நார்ஸில் ‘இஃப்’ என்றாலே ஐயம், தயக்கம் என்றும் காட்டுகிறது. ஐஸ்லாந்து மொழியில் இந்த உறவை இன்றைக்கும் பார்க்கலாம்: ‘எஃப்’ என்று எழுதினால் நம்முடைய ‘-ஆல்’, ‘எஃபி’ என்று எழுதினால் ஐயம்.

இந்தத் தளத்தின் மேல் எனக்கு மதிப்பு வந்தது இந்த இடத்தில்தான். இரண்டு கருத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது யாருடைய கருத்து என்று பெயர் சொல்லி, அங்கேயே நிறுத்திக்கொள்கிறது. ‘ஐயம்’ கதை அழகாக இருக்கிறது, நம் மனம் அதன் பக்கமே சாயும். அழகாக இருப்பதால் அது மட்டும்தான் உண்மை என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். இணையத்தில் சொற்பிறப்பு என்ற பெயரில் வருவதில் பெரும்பகுதி அப்படித்தான் இருக்கிறது.

அழகான கதைக்கு நானே ஏமாந்திருக்கிறேன். ‘இஃப்’ என்பது ‘கிவ்’, அதாவது ‘கொடு’ என்ற ஏவல்வினையிலிருந்து வந்தது என்று ஒரு பழைய இலக்கணக் கையேட்டில் படித்துவிட்டு, புதிதாக மொழிபெயர்ப்புக்கு வருகிறவர்களுக்குப் பல வருடம் அதையே சொல்லிக்கொடுத்தேன். நம்பும்படியாகத்தான் இருந்தது. ‘மழை பெய்தது என்று வைத்துக்கொள்’ என்று தமிழில் சொல்கிறோம். ‘வை’, ‘கொள்’ என்ற இரண்டு வினைகள் சேர்ந்து அங்கே நிபந்தனையாக நிற்கின்றன. ஆங்கிலத்திலும் ‘கிவன் தட்’ என்று ஒரு வழக்கு இருக்கிறது. அப்படியிருக்க, ‘கொடு’ ஏன் ‘இஃப்’ ஆகியிருக்கக் கூடாது என்று தோன்றும்.

இந்தக் கருத்தைப் பெரிதாகப் பரப்பியவர் ஜான் ஹார்ன் டூக். அமெரிக்க விடுதலைப் போரின் தொடக்கத்தில் உயிரிழந்த குடியேற்றவாசிகளின் குடும்பங்களுக்காக நிதி திரட்டப் போய், அரசை அவதூறு செய்ததாக லண்டனில் 1777இல் தண்டிக்கப்பட்டவர். அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட கடிதம் ஒன்று முழுக்க முழுக்க ஆங்கில இடைச்சொற்களைப் பற்றியது. 1786இல் அதை விரித்து நூலாகவே எழுதினார். இடைச்சொற்கள் எல்லாம் தேய்ந்துபோன வினைகள், ‘இஃப்’ என்றால் ‘கொடு’, ‘அன்லெஸ்’ என்றால் ‘விட்டுவிடு’ என்பது அவர் வாதம். நம் ‘என்றால்’, ‘ஆனால்’ எல்லாம் வினையிலிருந்து பிறந்தவைதானே! அதனால் டூக்கின் உள்ளுணர்வு தமிழுக்குப் பொருந்துகிறது, ஆங்கில ‘இஃப்’ விஷயத்தில்தான் பொருந்தவில்லை.

எப்படிப் பொருந்தவில்லை என்பதை அகராதியின் அந்தச் சின்னப் பதிவை வைத்தே யாரும் சோதித்துப் பார்க்கலாம். நான் செய்ததைச் சொல்கிறேன். ‘இஃப்’ பதிவில் உறவுமொழிச் சொற்களைப் பார்த்தேன்: பழைய நார்ஸில் ‘எஃப்’, பழைய உயர் ஜெர்மனில் ‘இபு’. பக்கத்து ஜன்னலில் ‘கிவ்’ பதிவைத் திறந்தேன்: அதே நார்ஸில் ‘கெஃபா’, அதே உயர் ஜெர்மனில் ‘கெபன்’. ‘கொடு’ என்ற சொல்லுக்கு இந்த இரண்டு மொழியிலும் முன்னால் ககரம் உறுதியாக நிற்கிறது. ‘இஃப்’ உறவினர்களுக்கு அந்தக் ககரம் இரண்டிலுமே இல்லை. ஒரே சொல்லாக இருந்திருந்தால் ஒன்றில் மட்டும் இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி உதிர்ந்திருக்குமா? பழைய ஆங்கிலத்திலோ இரண்டுமே ய் ஒலியில் தொடங்கின, இரண்டையுமே ஜி போட்டு எழுதினார்கள். இன்றைய ‘கிவ்’ சொல்லின் அழுத்தமான ககரம் நார்ஸ் பேசியவர்களின் செல்வாக்கால் வந்தது. ஆங்கிலத்தை மட்டும் பார்த்தவர் ஏமாந்ததில் வியப்பில்லை. நான் சொல்லிக்கொடுத்தவர்களில் தொடர்பில் இருந்த எல்லோருக்கும் அன்றைக்கே திருத்தம் எழுதி அனுப்பினேன்.

சரி, என் சிவப்பு விளக்குக்கு வருவோம். உறவுமொழிப் பட்டியலில் ஜெர்மன் ‘ஓப்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்கு இன்று ‘-ஆ என்று’ என்ற கேள்விப் பொருள் மட்டும்தான்: வருவானா என்று தெரியவில்லை, எரிகிறதா என்று பார். நிபந்தனைக்கு ஜெர்மன்காரர்கள் ‘வென்’, ‘ஃபால்ஸ்’ என்று வேறு சொற்களை எடுத்துக்கொள்கிறார்கள். டச்சு ‘ஆஃப்’ அப்படித்தான், கேள்விக்கும் ‘அல்லது’ என்பதற்கும் போகும். பழைய ஆங்கிலச் சொல்லுக்கோ தொடக்கத்திலேயே இரண்டு வேலையும் இருந்தன என்று பதிவின் முதல் வரியே சொல்கிறது. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள், ஒருவன் ஒரு தொழிலை மட்டும் வைத்துக்கொண்டான், இன்னொருவன் இரண்டையும் விடவில்லை.

தமிழ் இந்த விஷயத்தில் ஜெர்மனோடு சேர்ந்தது. நமக்கு ‘எரிந்தால்’ வேறு, ‘எரிகிறதா’ வேறு. முதலாவது வினையெச்சம், பழந்தமிழில் ‘எரியின்’ என்று வரும், இலக்கணத்தில் செயின் என்னும் வாய்பாடு. இரண்டாவது வினா. ஆங்கிலத்தில் எழுதுகிறவர் எந்த இஃப் என்று முடிவு செய்யாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். தமிழில் எழுதுகிறவர் முடிவு செய்யாமல் வினைக்கு விகுதிகூடப் போட முடியாது. அந்த முடிவு நம் தலையில்தான் விழுகிறது. இது தெரிந்த நாளிலிருந்து நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ‘இஃப்’ இருக்கும் இடத்தில், ‘-ஆ என்று’ என்ற கேள்விப் பொருள் தரும் ‘வெதர்’ என்ற சொல்லைப் போட்டுப் படித்துப் பார்ப்பேன். ‘வெதர்’ என்பதற்குப் பழைய பொருள் ‘இரண்டில் எது’, பாம்போ கயிறோ என்று நாம் ஐயத்துக்கு எடுத்துக்காட்டு சொல்வோமே, அந்த மாதிரி. வாக்கியம் நின்றால் ‘-ஆ என்று’. நிற்கவில்லை என்றால் ‘-ஆல்’. இரண்டும் நின்றால் எழுதியவரிடம் கேட்க வேண்டும்.

ஒரு சொல்லுக்காகப் போனவர் ஒரு சொல்லோடு திரும்ப முடியாது என்பது இந்தத் தளத்தின் குணம். ‘அன்லெஸ்’ என்பதில் முன்னால் இருக்கும் ‘அன்’ எதிர்மறை முன்னொட்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன். 15ஆம் நூற்றாண்டில் அது ‘ஆன் லெஸ்’, அதாவது ‘இதைவிடக் குறைந்த நிபந்தனையின் பேரில் இல்லை’ என்ற தொடரின் துண்டு. அழுத்தம் இல்லாத ‘ஆன்’, பொருளில் எதிர்மறை ஒட்டியிருந்ததால் ‘அன்’ ஆகிவிட்டது. டூக்கின் ‘விட்டுவிடு’ இங்கேயும் விழுந்தது. ஒப்பந்தங்களில் ‘அன்லெஸ்’ வரும்போது ‘ஒழிய’, ‘இல்லாவிட்டால்’ என்று எதைப் போடுவது எனத் திணறுவேன். குறைந்தபட்ச நிபந்தனை என்ற கரு தெரிந்தபின் ‘-ஆல் ஒழிய’ என்பது எனக்கு இன்னும் நெருக்கமாகத் தெரிகிறது.

‘நோ இஃப்ஸ், ஆண்ட்ஸ், ஆர் பட்ஸ்’ என்று ஒரு வழக்கு உண்டு, சாக்குப்போக்கு எதுவும் வேண்டாம் என்பதற்கு. அதில் ‘ஆண்ட்’ ஏன் வருகிறது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இடைக்கால ஆங்கிலத்தில் ‘ஆண்ட்’ என்ற சொல்லுக்கே ‘இஃப்’ என்ற பொருளும் இருந்தது, ‘ஆன்’ என்று சுருங்கியும் வந்தது. பேச்சு வழக்கில் அதன் எலும்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்த வரியில் மூன்றாவதாக வரும் ‘பட்’ சொல்லுக்குப் பழைய பொருள் ‘வெளியே’. இங்கே நம் ‘ஆனால்’ சொல்லை நினைத்துப் பாருங்கள். ‘அப்படியானால்’, ‘முடியுமானால்’ என்னும்போது அது இன்னமும் நிபந்தனை. தனியாக வாக்கியத்தின் தலையில் நின்றால் மறுப்பு. ‘ஆயின்’ என்ற சொல்லுக்கும் இந்த இரண்டு முகம் உண்டு. ஆங்கிலத்தில் மூன்று சொற்களாக நிற்பதில் பாதியைத் தமிழ் ஒரே சொல்லில் தூக்கிக்கொண்டு போகிறது. ‘இஃப்’ பெயர்ச்சொல்லாக 1510களிலேயே வந்துவிட்டது என்பதும், நிச்சயமில்லாததைக் குறிக்கும் ‘இஃபி’ என்ற பேச்சுச்சொல் 1937இல் அமெரிக்காவில், அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டோடு சேர்த்துப் பேசப்பட்டு வந்தது என்பதும் அதே இரவில் தெரிந்துகொண்டவை.

இனி, இதிலிருந்து எதை எதிர்பார்க்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். இது பிறப்பைச் சொல்லும் அகராதி, பயன்பாட்டைச் சொல்லித்தராது. எடுத்துக்காட்டு வாக்கியங்களை இதில் தேட வேண்டாம். தத்துவ அறிஞர் ஜே. எல். ஆஸ்டின் 1956இல் ஓர் உரையில் காட்டிய வாக்கியம் ஒன்று உண்டு: உங்களுக்கு வேண்டுமென்றால் அலமாரி மேல் பிஸ்கெட் இருக்கிறது. வேண்டாம் என்றால் பிஸ்கெட் இல்லாமல் போய்விடுமா? இல்லை. அங்கே ‘இஃப்’ நிபந்தனையும் இல்லை, கேள்வியும் இல்லை. ‘நல்ல கருவி, இஃப் கொஞ்சம் மெதுவானது’ என்று எழுதும்போது அதன் பொருள் ‘என்றாலும்’, தமிழில் ஓர் உம் சேர்த்தால்தான் சரியாக வரும். இப்படிப்பட்ட வேலைகளை எல்லாம் இந்தப் பதிவு தொடவில்லை. அதற்கு ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிதான் போக வேண்டிய இடம். அதன் முதல் பதிப்பில் ஹெச் முதல் கே வரையிலான தொகுதி, ஜேம்ஸ் மர்ரே பதிப்பித்தது, 1901இல் வந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் நூற்றாண்டு வாரியாக மேற்கோள் அடுக்கியிருப்பார்கள். இணையத்தில் அதை முழுதாகப் பார்க்கச் சந்தா வேண்டும். நூலக உறுப்பினர் அட்டை இருந்தால் உங்கள் நூலகம் அதைத் தருகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சின்ன உதவி. சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கிடைத்தது இல்லை, உறவுமொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டெடுத்தது என்று பொருள். ‘இஃப்’ பதிவிலும் அப்படி ஒன்று இருக்கிறது. முதல் வாரம் இதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் ஒரே எடையில் படித்தேன். பழைய வடிவங்களை எப்படி ஒலிப்பது என்று எல்லா இடத்திலும் ‘இஃப்’ போல விளக்கம் இருக்காது, ஓரளவு நாமே பழகிக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வேலை செய்கிற எவருக்கும், மொழி சொல்லிக்கொடுக்கிற எவருக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தேர்வுக்கு இலக்கணம் படிக்கிறவருக்கு முதலில் நல்ல பயன்பாட்டு அகராதி ஒன்று வேண்டும், இது அப்புறம்.

போன வாரம் ஒரு நோயாளர் படிவம் வந்தது. அதில் ‘டெல் யுவர் டாக்டர் இஃப் யூ ஸ்மோக்’ என்று ஒரு வரி. ‘வெதர்’ போட்டுப் பார்த்தேன், நின்றது. ‘-ஆல்’ போட்டும் பார்த்தேன், அதுவும் நின்றது. புகைப்பவர் மட்டும் சொல்ல வேண்டுமா, எல்லோரும் சொல்ல வேண்டுமா என்று எழுதிக் கேட்டேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: எல்லோரும். ‘நீங்கள் புகைபிடிப்பவரா, இல்லையா என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்’ என்று அனுப்பிவைத்தேன்.